15,000 ரூபாய்க்கு ஐ7 கம்ப்யூட்டர் தருகிறார்களாம், வாங்கலாமா?

குளச்சலில் அப்பாவின் பலசரக்குக் கடைக்கணக்கு ஓடிக்கொண்டிருந்த 2013-ம் வருஷத்து டெஸ்க்டாப் நின்றுவிட்டது. மெக்கானிக் "போர்டு போச்சு" என்கிறார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. டாலி என்கிற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி வேலை, பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கும் தங்கையின் படிப்பு, இவ்வளவுக்கும் ஒரே கம்ப்யூட்டர். கையில் 25,000 ரூபாய். கடைக்காரர் ஒருவர் ஐ7, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, புத்தம்புது கேபினெட், எல்லாம் சேர்த்து 15,000-க்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி வேண்டாம். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். போடுகிற காசுக்கு ஐந்து வருஷமாவது அலையவிடாமல் ஓடுமா, அதை எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதுதான் விஷயம். நாகர்கோவிலில் சர்வீஸ் வேலையில் பல வருஷம் இருப்பவன் என்ற முறையில், பார்த்ததையும் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் பழைய பெட்டியையோ அந்தக் கடைக்காரர் காட்டியதையோ நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன்னால் பழையதை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் "போர்டு போச்சு" என்று சொல்லப்படுகிற பல பெட்டிகளில் ராமின் தங்கக் கால்களில் உப்புக்காற்றுப் படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான். மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மறுபடியும் போட்டுப் பாருங்கள். போர்டில் இருக்கும் வட்டமான 2032 பேட்டரியையும் மாற்றுங்கள். வேறு ஒரு பவர் சப்ளையை மாட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். உயிர் வந்தால் நல்லது, கடைக்கணக்கைப் பதறாமல் வெளியே எடுக்கலாம். வந்தாலும் அதையே வைத்து இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம் என்று சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

இப்போது அந்த ஐ7. ஐ7 என்பது இன்டெல் கம்பெனியின் ஒரு பிராசஸர் வரிசை, பிராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை. அந்தப் பெயர் 2008-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதனால் ஐ7 என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்லாத மாதிரிதான். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேட்க வேண்டும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் படித்தால் தலைமுறை தெரிந்துவிடும். 2022-ன் ஐ3, 2011-ன் ஐ7-ஐ எளிதாகத் தாண்டிவிடும், கரண்டும் குறைவாக எடுக்கும். உங்களுக்குச் சொன்ன விலையையும் "புத்தம்புது கேபினெட்" என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் எச்61 சிப்செட் போர்டில் ஒரு பழைய இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை பிராசஸரை வைத்து அசெம்பிள் செய்ததாகத்தான் இருக்கும். சிப்செட் என்பது எந்தப் பிராசஸர் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிற, போர்டில் இருக்கும் சிப். எச்61 என்பது 2011-ன் சிப்செட். இன்றைக்கும் சிறு கம்பெனிகள் அந்தப் போர்டைப் புதிதாகத் தயாரித்து விற்கின்றன, அதனால் கடைக்காரர் "புது போர்டு, வாரண்டி உண்டு" என்று சொன்னால் அது பொய்யாகாது. போர்டு புதுசு, பிராசஸர் எங்கோ கழற்றியது, ராம் பழைய டிடிஆர்3. முன்பக்கம் கலர் லைட் எரிகிற கேபினெட்டில் இதையெல்லாம் வைத்தால் பார்க்கக் கொள்ளாம். எண்ணைக் கேட்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் போய்க் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

தலைமுறைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு நீட்டிப்பு என்று ஒன்று வைத்தார்கள், அதுவும் ஒரு வருஷக் கணக்குதான். விண்டோஸ் 11-ஐ முறையாகப் போட வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே மென்பொருளைச் சரிபார்க்கிற செக்யூர் பூட் வேண்டும். இது உறுதியான விஷயம். பழைய பெட்டிகளிலும் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் அப்படிப் போட்ட பெட்டிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. இன்று ஓடுவது அடுத்த பெரிய அப்டேட்டில் ஓடுமா என்பது சந்தேகம்தான். நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி போர்ட்டலும் திறக்கிற கடைக் கம்ப்யூட்டரில் அந்தச் சந்தேகத்தை வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் பட்ஜெட்டுக்கும் வேலைக்கும் நான் முதலில் சொல்வது, பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற பிராண்டட் பெட்டி, எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஐ5 இருந்தால் நல்லது, ஐ3 ஆனாலும் மோசமில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 என்பவை எட்டாம் தலைமுறை. 3050, 7050 என்று இருந்தால் ஆறு அல்லது ஏழாம் தலைமுறை, அவை வேண்டாம். எச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோவில் திங்க்சென்டர் எம்720, எம்920 எல்லாம் எட்டாம் தலைமுறையில் ஆரம்பிப்பவை. இந்தப் பெட்டிகளின் போர்டும் பவர் சப்ளையும், குறைந்த விலைக்கு அசெம்பிள் செய்து தருகிற பெட்டிகளில் வருவதைவிட எவ்வளவோ தரமானவை. பெரும்பாலும் ஏசி அறையில், ஒழுங்கான கரண்டில் இருந்து வந்தவை. குறையும் உண்டு. டெல், எச்பி பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அவர்களுக்கே உரிய அளவிலும் கனெக்டரிலும் இருக்கும், போய்விட்டால் தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாதாரண சப்ளை பொருந்தாது. சின்ன உருவத்தில் வருகிற மாடலில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட முடியாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. டவர் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், காற்றோட்டம் நன்றாக இருக்கும், திறந்து தூசி தட்டவும் லேசு.

கடையில் எதைப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய பெட்டி வாங்குவதில் நல்லதும் கெட்டதும் அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. முதலில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண். டெல்லில் அதை சர்வீஸ் டேக் என்பார்கள். உங்கள் போனிலேயே அந்தக் கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்த மாடல், எப்போது அனுப்பப்பட்டது, முதலில் என்னென்ன இருந்தது என்று வந்துவிடும். அதற்குப் பிறகு கடைக்காரர் சொல்கிற வருஷக் கதை தேவையில்லை. அடுத்து, பெட்டியை ஆன் செய்யும்போதே பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸுக்குள், போய்ப் பாருங்கள். அழுத்த வேண்டிய கீ டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, லெனோவோ திங்க்சென்டருக்கு எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை எடுக்காதீர்கள். பழைய அலுவலகம் போட்ட பூட்டு அது, பின்னால் ஏதாவது ஒரு நாள் காலை வாரும். விண்டோஸ் திறந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழு எண்ணையும், ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். எஸ்எஸ்டி மட்டும் புதிதாக, பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக, தனி வாரண்டியோடு கேளுங்கள். பழைய பெட்டியில் நான் பழையதாக ஏற்றுக்கொள்ளாத ஒரே பாகம் அதுதான். பின்பக்கமும் முன்பக்கமும் இருக்கும் எல்லா யுஎஸ்பியிலும் பென்டிரைவைச் சொருகிப் பாருங்கள், ஹெட்ஃபோன் துளையையும் விடாதீர்கள். கடைசியாக மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகுகளிலும் போர்டின் ஓரங்களிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், அது ஏற்கெனவே ஏதோ ஒரு கடற்கரையைப் பார்த்துவிட்ட பெட்டி.

விண்டோஸ் விஷயத்தில் பிராண்டட் பெட்டிக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. அலுவலகத்துக்கு விண்டோஸ் 10 புரோவோடு விற்கப்பட்ட பெட்டியாக இருந்தால் அந்த லைசென்ஸ் சாவி போர்டிலேயே பதிந்திருக்கும், விண்டோஸ் 11 புரோ போட்டாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் அதைப் பார்த்து உறுதி செய்யலாம். அசெம்பிள் செய்த பெட்டிக்கு அது தனிச் செலவு. "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று இலவசமாகப் போடுகிற விண்டோஸ் பெரும்பாலும் உடைத்தது, கடைக்கணக்கு வைக்கிற கம்ப்யூட்டரில் அது வேண்டாம்.

புதுசுதான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால், ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி வைத்து அசெம்பிள் செய்யலாம். மானிட்டர் இருப்பதால் 25,000-க்குள் அடக்க முயலலாம், ஆனால் இடிக்கும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய கணக்குகள் எல்லாம் தப்பாகிவிட்டன, அதனால் நான் இங்கே விலைப் பட்டியல் போடவில்லை, வாங்குகிற வாரத்தில் இரண்டு மூன்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால், 12100எஃப் மாதிரி, அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. விலை குறைகிறதே என்று அதை எடுத்துவிட்டு மறுநாள் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஆல் இன் ஒன் வேண்டாம், ஒன்று போனால் எல்லாம் போச்சு. உள்ளங்கை அளவு மினி கம்ப்யூட்டர் நல்லதுதான், ஆனால் கெட்டுப்போனால் இங்கே திறந்து பார்க்க ஆள் குறைவு. லேப்டாப்பில் கரண்ட் போனாலும் கவலையில்லை, ஆனால் இதே காசுக்கு டெஸ்க்டாப் அளவு உழைக்காது.

உங்கள் வேலைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கேட்டால், அதிகம் வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்கு பைதான். இரண்டுமே இந்தப் பெட்டிகளுக்குத் தூசு. டாலியும் கனமானதில்லை. கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வைப்பது பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பதுதான். 8 ஜிபி ராமில் ஆரம்பிக்கலாம், ஆனால் அதை ஒரே குச்சியாகப் போட்டு இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள், விலை இறங்கும்போது இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். இதில் மிச்சமாகிற பணம் வேறொன்றுக்கு வேண்டும்.

அது யுபிஎஸ். குளச்சலில் இருக்கும் உங்களுக்கு கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கப் போவது பிராசஸர் இல்லை, கரண்டும் காற்றும்தான். ஏப்ரல், மே சாயங்காலங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் ஜில்லாவில் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு 600 விஏ யுபிஎஸ், இந்த மாதிரிப் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்தால் பத்து நிமிஷம் போலத் தாக்குப்பிடிக்கும். டாலியை மூடி ஒழுங்காக ஷட் டவுன் செய்ய அது போதும், வேலையைத் தொடர்வதற்கு இல்லை. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், அதை மட்டும் மாற்றினால் போதும். வீட்டிலோ கடையிலோ இன்வெர்ட்டர் இருந்தால், அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் விட்டால் கரண்ட் மாறுகிற அந்த நொடிப்பொழுதில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் மோடில் போட்டால் பெரும்பாலும் தாங்கும். இன்வெர்ட்டர் பழையதென்றால் தாங்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், ஒரு முறை மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

இடிக்கு யுபிஎஸ்ஸும், கரண்ட் எகிறுவதைத் தடுக்கிற ஸ்பைக் கார்டு பிளக் போர்டும் போதாது. பக்கத்தில் விழுகிற இடியை அவை நிறுத்தாது. மானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அதோடு இன்டர்நெட் பெட்டியிலிருந்து வருகிற லேன் ஒயரையும் பிடுங்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஃபைபர் ஒயர் கரண்டைக் கடத்தாது, ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே சொருகியிருக்கிறது, அது வழியாக வந்து லேன் ஒயரில் ஏறிப் போர்டை அடித்துவிடும். எர்த்தையும் ஒரு முறை எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மணல் பாங்கான இடத்தில், வேனலில் எர்த் குழி காய்ந்துவிட்டால் மூன்றாவது பின் பெயருக்குத்தான் இருக்கும்.

உப்புக்காற்றுக்கு முழு மருந்து கிடையாது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள். ஓடும்போது துணி போட்டு மூடக்கூடாது, சூடு அணைந்த பிறகு மூடலாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைப்பதுதான் மிக மோசம். ஓடுகிற சூட்டில் ஈரம் விலகும், சும்மா கிடந்தால் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து அரித்துக்கொண்டே இருக்கும். தங்கைக்குப் பரீட்சை லீவு என்றாலும் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும்.

உங்கள் பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ பிளக் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் சொன்ன பெட்டிகள் பலவற்றில் டிஸ்பிளே போர்ட், சிலவற்றில் எச்டிஎம்ஐ, விஜிஏ இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் போகலாம். அந்தந்தப் போர்ட்டிலிருந்து விஜிஏ-க்கு மாற்றுகிற சின்ன அடாப்டரை அதே கடையிலேயே வாங்கி, மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பிரிண்டரின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி) வைத்திருந்தால் அதன் டிரைவரும் அப்படித்தான். டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது புதியதில் நேரடியாக ஓடாது. லினக்ஸ் போடலாமா என்று சிலர் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளப் பள்ளிகளில் லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், தங்கைக்கு அது தாராளமாகப் போதும். டாலி அதில் நேராக ஓடாது, அதனால் உங்களுக்குச் சரிவராது.

எங்கே வாங்குவது என்றால், நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய இடத்தில் வாங்குங்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறையலாம், ஆனால் பழுதென்றால் பத்துக் கிலோ பெட்டியைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எழுத்தில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வாரண்டி, பில்லில் சீரியல் எண், இரண்டும் வேண்டும். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கடை பெயரில் பில் போடுங்கள், கம்ப்யூட்டருக்கான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வாய்ப்பு இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது. பழைய பொருளுக்கு விற்பவர் வேறு முறையில் வரி கட்டியிருந்தாலும் கிடைக்காது. திருவனந்தபுரத்தில் நேரில் வாங்கினால் கேரள வரி போட்ட பில் வரலாம், அதிலும் சிக்கல் உண்டு. இது என் துறை இல்லை, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பழைய பெட்டிக்கு உயிர் வந்தால் முதல் வேலையாக டாலியின் டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் எடுங்கள், பிறகு டாலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். அதைச் செய்தால் புதியதில் ஆக்டிவேட் செய்வது சுலபம். உயிர் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம், போர்டு போனால் ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் ஒன்றில் மாட்டி, புதிய பெட்டியில் சொருகினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். லைசென்ஸுக்கு, பதிவு செய்த இமெயிலை வைத்து டாலி ஆட்களிடம் கேளுங்கள். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு ஐநூறு கழித்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் பெட்டியைக் கொடுங்கள், டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.